டெல்டாவில் மழை மாறியதற்கு நம் ஊர் காரணமா?

கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் விளங்கும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் உங்கள் குடும்பத்துக்கு நிலம் இருக்கிறது. அப்பா காலத்தில் ஐப்பசி, கார்த்திகை என்றால் நாள்கணக்கில் நசநசவென்று பெய்துகொண்டே இருக்குமாம். இப்போது பத்து நாள் வெயில் காய்ந்துவிட்டு ஒரே இரவில் கொட்டித் தீர்க்கிறது, போதாக்குறைக்குத் தை மாதம் அறுவடை நேரத்திலும் வந்து கதிரிலேயே நெல்லை முளைக்க வைக்கிறது என்கிறீர்கள். மரம் வெட்டியது, போர்வெல் போட்டது, எண்ணெய்க் கிணறு, செல்போன் டவர் என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மனிதன் செய்யும் வேலையால் ஓர் ஊரின் வானிலை மாறுமா, மாறும் என்றால் அது நம் ஊர்க்காரன் செய்த வேலையா, எங்கோ இருப்பவன் செய்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குப் பலரும் பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாம் பாதியில்தான் குழப்பமே.

வேளாண் வானிலை என் தொழில். டெல்டாவில் நெல் ஆராய்ச்சியை ஒட்டிய வானிலைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தினமும் காலை 8.30க்கு மழைமானியை அளந்து எழுதுவது, உழவர்களுக்கு வானிலை அறிக்கை தயாரிப்பது, பழைய பதிவேடுகளைச் சரிபார்ப்பது, இதுதான் பிழைப்பு. உலகப் பருவநிலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஆராய்ச்சியாளன் இல்லை. அந்த இடத்தில் அவர்கள் கண்டதைத்தான் நானும் எடுத்துச் சொல்ல முடியும்.

என் பதில் இதுதான். உங்கள் ஊரின் வெப்பமும் புழுக்கமும் உங்கள் ஊரில் நடக்கும் வேலையால் மாறும், மாறியும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையைத் திருத்துறைப்பூண்டியில் யார் என்ன செய்தாலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதை மாற்றும் மனிதக் கை உலகளவிலானது, கடல் வழியாக வருவது. ஆனால் பெய்த மழை வயலை அழிக்கிறதா இல்லையா என்பதில் மறுபடியும் உள்ளூர்க் கைதான் பெரிது.

முதலில், மழை நிஜமாகவே மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அப்பா சொல்வதை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் நினைவு என்பது நல்ல ஆண்டுகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். வடகிழக்குப் பருவமழை இயல்பாகவே தாறுமாறானது. தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சராசரி ஏறக்குறைய 44 சென்டிமீட்டர், டெல்டாக் கடலோரத்தில் அதைவிட நிறையவே கூடுதல். 2015ல் மழை இந்தச் சராசரியைவிட 50 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல். அடுத்த ஆண்டே, 2016ல், 62 விழுக்காடு குறைந்து டெல்டாவே கருகியது. 2021ல் மறுபடி ஏறக்குறைய 60 விழுக்காடு அதிகம். பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் நமக்கு வடகிழக்கு மழை தூக்கலாக இருப்பது வழக்கம், 1997ம் 2015ம் அப்படித்தான். ஆனால் 2021 அதற்கு நேர்மாறான லா நினா ஆண்டு, அப்போதும் கொட்டியது. இப்படி ஆடும் ஒன்றில் பத்து வருடத்தைப் பார்த்துவிட்டு 'மாறிவிட்டது' என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் வானிலைத் துறையில் குறைந்தது 30 ஆண்டுச் சராசரியை வைத்துத்தான் பேசுவார்கள்.

ஒரே நாளில் கொட்டுவதும் நம் காலத்தில் பிறந்தது இல்லை. 1943 மே மாதம் கடலூரில் ஒரே நாளில் 57 சென்டிமீட்டர் பெய்திருக்கிறது. ஐப்பசியும் இல்லை, கார்த்திகையும் இல்லை, கத்திரி வெயில் காலம்!  2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது ஒரத்தநாட்டில் ஒரு நாளில் சுமார் 66 சென்டிமீட்டர் பெய்தது. 2022 நவம்பரில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர். பெருமழை எப்போதும் உண்டு, அது அடிக்கடி வருகிறதா என்பதுதான் கேட்க வேண்டியது.

இதைச் சொல்லும்போது பதிவேடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மழைமானி என்பது எளிய சாதனம், தரையில் பதித்த ஒரு புனலும் அடியில் ஒரு சேகரிப்புக் கலமும். அதற்கு ஒரு விதி உண்டு. பக்கத்தில் இருக்கும் மரமோ சுவரோ, மானியின் விளிம்பிலிருந்து எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். 1960களில் வெட்டவெளியில் வைத்த மானிக்குப் பக்கத்தில் 1985ல் சுற்றுச்சுவர், 2000ல் சைக்கிள் கொட்டகை, நடுவில் யாரோ ஆசையாக வைத்த வேப்பங்கன்று மரமாகிவிட்டது என்றால், காற்றோடு சாய்ந்து வரும் மழையில் ஒரு பகுதி மானிக்குள் விழாது. பதிவேட்டைப் பார்ப்பவர் ஊரில் மழை குறைந்துவிட்டது என்பார், குறைந்தது மானிக்குள் விழுந்த மழைதான். வெப்பமானி வைக்கும் வெள்ளை மரக்கூண்டுக்கும் இதே கதை. சுற்றிலும் புல்தரை இருந்த இடத்தில் சிமென்ட் தளம் போட்டால் ராத்திரி வெப்பம் கூடும். தனி ஒரு ஊரின் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது அடித்துச் சொன்னால் நான் முதலில் கேட்பது, மானி எங்கே இருக்கிறது, எப்போது இடம் மாறியது என்பதைத்தான்.

சரி, உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன? பூமி சூடேறியிருக்கிறது, அதற்குக் காரணம் மனிதன் எரித்த நிலக்கரியும் எண்ணெயும் அழித்த காடும். இதில் இப்போது அறிவியல் சண்டை எதுவும் இல்லை. 2011–2020 காலத்துச் சராசரி, 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியைவிட ஏறக்குறைய 1.1 டிகிரி செல்சியஸ் அதிகம். இந்தியாவில் 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி. நமக்கு முக்கியமானது கடல். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015க்குள் சராசரியாக 1 டிகிரி சூடாகியிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும், இது பள்ளிக்கூட இயற்பியல். ஆகவே மழை பெய்வதற்கான சூழல் அமைந்துவிட்டால் முன்பைவிடப் பலமாகப் பெய்ய வாய்ப்பு இருக்கிறது. 'ஒரே இரவில் கொட்டுகிறது' என்று நீங்கள் சொன்னது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. வட இந்தியப் பெருங்கடலில் புயல்களின் மொத்த எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வரும் மிகக் கடுமையான புயல்கள் 2000க்குப் பிறகு அதிகமாகியிருப்பதாக மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020ல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது.

இதிலிருந்து 'சீர்காழியில் 44 சென்டிமீட்டர் பெய்ததற்குப் புவி வெப்பமாதல்தான் காரணம்' என்று தாவ எனக்கு மனம் வராது. அந்த ஒரு நாள் மழைக்கு ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, அது நின்ற இடம், காற்றுகள் சந்தித்த கோடு எல்லாம் சேர வேண்டும். அந்தச் சேர்க்கை வெப்பமாகாத உலகத்திலும் நடக்கும். சூடான கடல் அதில் இன்னும் கொஞ்சம் தண்ணீரை ஏற்றிவிடுகிறது என்பது வரைதான் தெம்பாகச் சொல்லலாம். நசநசவென்ற அடைமழை குறைந்துவிட்டதா என்பதும் அப்படித்தான். மழைநாள் குறைந்து கனமழையின் பங்கு கூடுவது இந்தியாவின் பல பகுதிகளில், குறிப்பாகத் தென்மேற்குப் பருவத்தில், கண்டறியப்பட்டிருக்கிறது. நம் வடகிழக்குப் பருவத்தில் ஆண்டுக்கு ஆண்டு ஆட்டம் அதிகம் என்பதால் படம் அவ்வளவு தெளிவில்லை.

உள்ளூர்க் காரணங்களுக்கு வருவோம். மரம், போர், குளம் தூர்ந்தது இவற்றால் பருவமழை மாறியிருக்குமா என்று பார்க்க ஒரு கணக்குப் போதும். நடவு முடிந்த நெல் வயலிலிருந்து நல்ல வெயிலில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாகும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 4,000 லிட்டர், ஆக நாளுக்கு 24,000 லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். மேகமூட்டமான கார்த்திகையில் இது நாளுக்கு 3, 4 மில்லிமீட்டராக இறங்கிவிடும். சீர்காழியில் அன்று விழுந்தது 440 மில்லிமீட்டர், ஏக்கருக்கு 17 லட்சம் லிட்டருக்கு மேல். சீர்காழி வயல்கள் மூன்று மாதத்துக்கு மேல் ஆவியாக்கிய தண்ணீரை எல்லாம் ஒரு சொட்டுக்கூட வெளியே போகாமல் சேர்த்துவைத்தால்தான் அந்த ஒரு நாள் மழை வரும். அதாவது அந்தத் தண்ணீர் உள்ளூருடையது இல்லை. வங்கக் கடலிலிருந்து வந்தது. நம் வயலும் தோப்பும் அதில் சேர்த்தது சொற்பம், எடுத்ததும் சொற்பம்.

மரம் பற்றி இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை எப்படி விழுந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டெல்டாவில் ஒரே இரவில் அவ்வளவு மரம் போனதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மரம் போனால் மழை போகும் என்பது நேர்க்கோட்டுச் சூத்திரமாக இருந்தால் அடுத்த ஆண்டுகளில் வறட்சி வந்திருக்க வேண்டும். வந்ததோ 2019ல் சராசரி மழை, 2020ல் சற்று அதிகம், 2021ல் வெள்ளம். படுமோசமான 2016 வறட்சி, தோப்பெல்லாம் நின்றிருந்தபோதே வந்தது. மூன்று ஆண்டை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாதுதான். ஆனால் 'மரம் வெட்டினோம், அதனால்தான்' என்பவர்கள் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்க வேண்டும்.

இதற்காக மரம் வேண்டாம் என்று பொருள் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு வேறு கதை. அங்கே மலை மேகத்தைத் தடுத்து நிறுத்துகிறது, காடு அந்த மழையைப் பிடித்து மறுபடி ஆவியாக்குகிறது. அந்த நீராவியில் ஒரு பகுதி மேற்குக் காற்றோடு தமிழ்நாட்டுப் பக்கம் வந்து ஆடி, ஆவணி, புரட்டாசி மழைக்கு உதவுகிறது என்று மும்பை ஐஐடி ஆராய்ச்சியாளர்கள் கணினி மாதிரிகள் கொண்டு காட்டியிருக்கிறார்கள். அது மாதிரியில் கண்ட முடிவு, நேரடியாக அளந்தது இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், என் பார்வையில் நம்பத்தக்கது. டெல்டாவின் சமவெளியில் சாலையோரப் புளியமரம் செய்வது நிழலும் குளிர்ச்சியும். அதுவே போதுமான காரணம், அதன் தலையில் மழையையும் ஏற்ற வேண்டாம்.

இனி உள்ளூர்க் கை நிஜமாகவே வேலை செய்யும் இடம், வெப்பம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலை வரை சூடாக்கத் தேவைப்படுவதைப்போல் ஏறக்குறைய 8 மடங்கு வெப்பம் அதை ஆவியாக்கத் தேவை. அந்த வெப்பம் நிலத்திலிருந்தும் காற்றிலிருந்தும்தான் போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான் தண்ணீர் கட்டிய குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல்) வயலும் ஊரைக் குளிர வைக்கிறது. ஜூன் 12ல் மேட்டூர் திறந்து, ஆனி மாதம் கண்ணுக்கெட்டிய தூரம் நாற்று நட்டுத் தண்ணீர் நின்றால் பகல் வெப்பம் ஒரு மாதிரி இருக்கும். திறக்காமல் லட்சக்கணக்கான ஏக்கர் வெடித்துக் கிடந்தால் வேறு மாதிரி இருக்கும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டு தொடர்ந்து ஜூன் 12ல் அணை திறக்கவில்லை. அந்த ஆண்டுகளில் ஆனி, ஆடி வெயில் கூடுதலாகச் சுட்டது என்று ஊரில் சொன்னவர்களை நான் நம்புகிறேன். கங்கைச் சமவெளியில் பாசனம் பகல் வெப்பத்தைக் குறைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, இங்கும் அதே இயற்பியல்தான். பாசனத்தை மாற்றுவதும் மனிதச் செயல்தான் என்பதைக் கவனியுங்கள். உங்கள் கேள்விக்கு நேரடியான 'ஆம்' இங்கே இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வயல் ஆவியாக்கும் தண்ணீர் காற்றிலேயே நிற்கிறது. வெப்பமானி 35 காட்டும், உடம்புக்கு அது 40க்கு மேல் போலத் தெரியும். வியர்வை காயாது. நடவுக்கு இறங்கும் பெண்கள் பதினொரு மணிக்கு மேல் கரையேறிவிடுவதற்கு இந்தப் புழுக்கம்தான் காரணம். பாசனம் வெப்பத்தைக் குறைத்தாலும் உடல்மீதான சுமையை அதே அளவுக்குக் குறைப்பதில்லை. சில நேரம் கூட்டவும் கூடும்.

ராத்திரி வெப்பத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நெல்லுக்கு அதுதான் முக்கியம். சிமென்ட் வீடு, தார்ச்சாலை, கான்கிரீட் தளம் எல்லாம் பகலில் வாங்கிய வெப்பத்தை ராத்திரி மெல்ல விடும். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி ஊருக்குள் இருக்கும் இரவுக்கும் மூன்று கல் தள்ளி வயல்வெளியில் இருக்கும் இரவுக்கும் வித்தியாசத்தைப் பைக்கில் போனாலே உணரலாம். அதற்கு மேல் உலகளாவிய சூடும் சேர்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் சுமார் 10 விழுக்காடு குறைந்தது என்று 2004ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. பயிர் பகலில் செய்த மாவுச்சத்தை ராத்திரி சுவாசத்தில் எரித்துவிடுவது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அது அவர்களுடைய வறண்ட பருவத்துக் கணக்கு, அப்படியே நம் மழைக்காலச் சம்பா நெல்லுக்குப் போட்டுவிடக் கூடாது. குறுவைக்குக் கொஞ்சம் பொருந்தும் என்பது என் அனுமானம்.

பாதி தெரிந்து பாதி தெரியாத இடம் ஒன்று உண்டு, அது ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடியோடு வரும் மழை. பருவமழையைப் போல் இல்லாமல் இது பெரும்பாலும் நிலத்திலேயே பிறப்பது. பகல் வெயிலில் காற்று மேலே எழும்பி, கடல்காற்று உள்ளே நுழையும் கோட்டில் மேற்குக் காற்றோடு முட்டி, மேகம் கட்டும். எங்கே ஈரநிலம், எங்கே காய்ந்த நிலம் என்பது இதில் விளையாட முடியும் என்று கோட்பாடு சொல்கிறது. ஈரநிலம் நீராவியைக் கூட்டும், அதே சமயம் தரையைக் குளிரவைத்து எழும்பும் வேகத்தைக் குறைக்கும். எது ஜெயிக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. குறுவைப் பரப்பு கூடினால் உங்கள் ஊரில் சாயங்கால மழை கூடும் என்றோ குறையும் என்றோ யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

டவர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதன் உயரம் ஐம்பது மீட்டர் சொச்சம், மழை மேகம் அதற்கு எத்தனையோ மடங்கு மேலே தொடங்கிப் பத்து கிலோமீட்டருக்கு மேல் எழும்பும். அலைவரிசை மேகத்தைக் கலைக்காது. எண்ணெய்க் கிணற்றில் எரியும் வாயு பக்கத்து வயலுக்கு வெக்கையும் புகையும் தரும், மண்ணுக்கும் தண்ணீருக்கும் அதனால் கெடுதி உண்டா என்பது நியாயமான தனிக் கேள்வி, பருவமழையோடு அதை முடிச்சுப் போட வேண்டாம். நெல் வயலிலிருந்து மீத்தேன் வருவது உண்மை. ஆனால் அது பத்துப் பன்னிரண்டு ஆண்டு காற்றில் இருந்து உலகம் முழுக்கப் பரவிவிடும். திருவாரூர் மீத்தேன் திருவாரூரை மட்டும் சுடாது. வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் அது கணிசமாகக் குறையும், தண்ணீரும் மிச்சம். செய்யலாம், ஆனால் அதனால் அடுத்த ஐப்பசி ஒழுங்காகும் என்று எதிர்பார்க்க முடியாது.

நம் டெல்டாவின் தண்ணீர் பாதி இங்கே பெய்வதே இல்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் மேட்டூரை நிரப்புகிறது. நான் மேலே சொன்ன 2020 மதிப்பீட்டின்படி 1951 முதல் 2015 வரை இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை சுமார் 6 விழுக்காடு குறைந்திருக்கிறது, குறிப்பாகக் கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும். மனிதர்கள் விடும் புகையும் தூசுத் துகளும் வெயிலை மறைத்து நிலத்தைக் குளிர்வித்ததால் பருவக்காற்றின் வேகம் குறைந்தது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதாவது கடலைச் சூடாக்கும் புகையும் மனிதனுடையது, பருவக்காற்றை மந்தமாக்கும் புகையும் மனிதனுடையது, இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. எங்கோ எரிந்த அடுப்பும் ஆலையும் நம் ஜூன் 12ஐத் தள்ளிப்போடப் பங்களித்திருக்கக்கூடும். கர்நாடகத்தோடு இருக்கும் பங்கீட்டுச் சண்டையில் இந்தப் பக்கத்தை யாரும் எடுப்பதில்லை.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் நஷ்டத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. 15 சென்டிமீட்டர் மழை பெய்து இரண்டு நாளில் வடிந்தால் சம்பாப் பயிருக்கு ஒன்றும் ஆகாது. அதே மழை ஒரு வாரம் நின்றால் இளம்பயிர் அழுகும். வித்தியாசம் வானத்தில் இல்லை. உங்கள் பக்கம் தரைச்சரிவு மிகக் குறைவு. கடலில் ஓதம் (அலையேற்றம்) ஏறி, கிழக்குக் காற்றும் அடித்தால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. அந்த நிலையில் வடிகால் முழு அகலத்தில் இருந்தால்தான் ஓதம் இறங்கும் சில மணி நேரத்தில் தண்ணீர் ஓடிவிடும். ஒரு பிரிவு வடிகாலை நடந்து பாருங்கள். வரைபடத்தில் பன்னிரண்டு அடி இருக்கும். இரண்டு கரையிலும் நெய்வேலிக் காட்டாமணக்கு உள்ளே சாய்ந்து நான்கு அடியாக்கியிருக்கும், அந்த நான்கு அடியையும் ஆகாயத்தாமரை மூடியிருக்கும். மனைப்பிரிவு வந்த இடத்தில் அது ஒரு சிமென்ட் குழாய்க்குள் நுழையும். குழாயின் விட்டத்தை முடிவு செய்தவர் எந்த மழையைக் கணக்கில் எடுத்தார் என்று கேட்டால் பதில் வராது. வெண்ணாற்றுப் படுகையில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு ஆகியவற்றை ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் பருவநிலை மாற்றத்துக்கு ஏற்பத் தூர்வாரிச் சீரமைக்கும் திட்டம் நடந்தது. பெரிய ஆறு சரியானாலும், உங்கள் வயலிலிருந்து அதுவரை போகும் சின்ன வடிகால் அடைத்திருந்தால் பயன் பாதிதான்.

கடைசியாகத் தை மழை. 2021, 2022 இரண்டு ஆண்டும் பருவமழை விலகியதே பொங்கல் கழித்து, ஜனவரி 20ஐ ஒட்டித்தான். 2021 ஜனவரி மழையில் முற்றிய நெல் சாய்ந்து முளைத்தது, 2023 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு தாழ்வு மண்டலம் வந்து மறுபடி நனைத்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி, அந்த நேரத்தில் 20க்குக் கீழே நெல் கொண்டுவருவதே பெரும்பாடு. இது நிலையான மாற்றம் என்று சொல்ல இந்த ஆண்டுகள் போதாது. ஆனாலும் திட்டமிடும்போது இதை விதிவிலக்காக நினைப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

விதைப்பை முன்னால் தள்ளினால் என்ன என்று கேட்பீர்கள். தள்ளினால் பூக்கும் பருவம் கார்த்திகை மழையில் மாட்டும், மகரந்தம் கழுவிப் பதர் விழும். பின்னால் தள்ளினால் கடைமடைக்கு மாசியில் தண்ணீர் இருக்காது. அதனால் முழு நிலத்துக்கும் ஒரே தேதி, ஒரே ரகம் என்று வைக்காதீர்கள். பள்ளக்காலில் சிஆர் 1009 சப் 1 என்ற நெல் ரகம் போடுங்கள், இளம்பயிராக இருக்கும்போது இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் பிழைத்துவிடும். மேட்டுப்பாங்கில் மத்திய கால ரகம் போட்டு, இரண்டின் அறுவடைக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நாளாவது இடைவெளி வருமாறு நாற்று விடுங்கள். அறுப்புக்குப் பத்து நாள் முன்பே வயலை வடித்துவிடுங்கள், ஈரத்தில் பெல்ட் அறுவடை வண்டிக்கு மணிக்கணக்கு கூடும். அப்புறம், மார்கழிக் கடைசியில் வரப்பு ஓரத்து வடிகாலை ஒரு ஆள் வைத்து வெட்டிவிடுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.